முதல் குறும்படத்தை எடிட் செய்வது எப்படி: மெமரி கார்டிலிருந்து எக்ஸ்போர்ட் வரை

ஷூட்டிங் முடிந்துவிட்டது, கையில் மெமரி கார்டு இருக்கிறது. படத்தைச் சமர்ப்பிக்க இன்னும் சில நாட்கள்தான். இந்த நேரத்தில் பலரும் அவசரமாக மென்பொருளைத் திறந்து வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஐந்து நிமிடப் படம் ஒன்றை நான் எந்த வரிசையில் எடிட் செய்வேனோ, அதே வரிசையில் இங்கே சொல்கிறேன். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். மாணவர் படத்துக்கு அது தாராளமாகப் போதும். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

படி 1: முதலில் நகல்

கார்டில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகலெடுங்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர் போட்டால் அது இரண்டு நகல் ஆகாது. படம் முடியும்வரை கார்டை அழிக்க வேண்டாம். காட்சி வாரியாக ஃபோல்டர் பிரிப்பதையும் இப்போதே செய்துவிடுங்கள். மென்பொருளுக்குள் கொண்டுவந்த பிறகு ஃபைலை இடம் மாற்றினால், டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் பகுதியில், படத்துக்குப் பதிலாகச் சிவப்புத் திரைதான் தெரியும்.

போனில் எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன் கேமரா பெரும்பாலும் ஃப்ரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது தனிப்படம், என்ற கணக்கை) நிலையாக வைத்திருக்காது. ஒலியைத் தனியாகப் பதிந்திருந்தால், தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவு போகப்போக விலகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் ப்ராஜெக்ட் செட்டிங். படம்பிடித்த அதே வேகத்தை, 24 என்றால் 24, 25 என்றால் 25, கிளிப்புகளை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே தேர்வு செய்யுங்கள். கிளிப் வந்துவிட்டால் ரிசால்வ் அந்த அமைப்பைப் பூட்டிவிடும்.

படி 2: வெட்டாமல் பாருங்கள்

எல்லா டேக்கையும், அதாவது ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்த ஒவ்வொரு முறையையும், முழுதாகப் பாருங்கள். வீணான டேக் என்று ஒதுக்கியதையும் பாருங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்த டேக்கில் மனம் அசைந்தது என்பதைக் காட்சி, டேக் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஷாட்டை முதல்முறை பார்க்கும்போது எழும் உணர்வு பத்தாவது முறை எழாது. உங்கள் பார்வையாளருக்கு முதல்முறை மட்டும்தான் கிடைக்கப்போகிறது. அதனால் அந்த முதல் குறிப்பை நான் மிகவும் நம்புகிறேன்.

படி 3: ரஃப் கட் (முதல் தோராய வடிவம்)

தேர்ந்தெடுத்த டேக்குகளைக் கதை வரிசையில் டைம்லைனில் அடுக்குங்கள். தனி ரெக்கார்டரில் ஒலி பதிந்திருந்தால், க்ளாப் பலகை மூடும் ஃப்ரேமையும் ஒலியில் அந்த 'டக்' வரும் இடத்தையும் பொருத்துங்கள். இந்தக் கட்டத்தில் இசை வேண்டாம், கலர் திருத்தம் வேண்டாம். ஐந்து நிமிடப் படம் எட்டு நிமிடம் வந்தாலும் பரவாயில்லை.

படி 4: வெட்டு எங்கே விழ வேண்டும்?

எடிட்டிங்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. புதிதாக எடிட் செய்பவர்கள் யார் பேசுகிறாரோ அவரைக் காட்டுவார்கள். அவர் முடித்ததும் அடுத்தவரைக் காட்டுவார்கள். என் முதல் படத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். நடிகர்கள் நன்றாகவே நடித்திருந்தும் திரையில் இருவர் வசனம் ஒப்பிப்பதுபோல இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தங்கை அண்ணனிடம், "அடுத்த வாரம் நான் வீட்டை விட்டுக் கிளம்புறேன்ணா" என்கிறாள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "அடுத்த வாரம் நான் வீட்டை விட்டு..." வரைக்கும் அண்ணனுக்கு எதுவும் உறுதியில்லை. செய்தி "கிளம்புறேன்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குச் சற்று முன்பே படத்தை அண்ணன் முகத்துக்கு மாற்றிவிடுங்கள். தங்கையின் குரல் தொடரட்டும். இப்போது அந்தச் சொல் அவன் முகத்தின் மேல் விழும். அவன் எதுவும் பேசத் தேவையில்லை.

இதற்கு எல் கட் என்று பெயர்: படம் முதலில் மாறும், ஒலி பின்னால் மாறும். திருப்பிச் செய்தால் ஜே கட்: அண்ணன் பேசத் தொடங்கும் குரல் கேட்கும்போதும் நாம் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ரிசால்வில் டைம்லைனுக்கு மேலே உள்ள சங்கிலிப் பட்டனை அணைத்துவிட்டால், படத்தின் ஓரத்தை மட்டும் தனியாக இழுக்கலாம்.

கேட்பவரின் நல்ல முகம் உங்களிடம் இல்லையா? வேறு டேக்கில் தேடுங்கள். 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன் நடிகர் சும்மா காத்திருக்கும் நொடிகளில்கூடக் கிடைக்கும். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனையைத் திரைப்பட வகுப்புகளில் தவறாமல் சொல்வார்கள். சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், பிறகு ஒரு சவப்பெட்டியோடும் அவர் இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். பக்கத்தில் எந்த ஷாட் இருக்கிறது என்பதே முகத்துக்குப் பொருள் தருகிறது.

அசைவு உள்ள இடங்களில், அசைவின் நடுவில் வெட்டுங்கள். உட்காரத் தொடங்கியதும் ஒரு ஷாட், உட்கார்ந்து முடிவது அடுத்த ஷாட். வெட்டு கண்ணில் படாது.

படி 5: ஒலி

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இரைச்சல் திடீரென்று மாறுவதுதான் மாணவர் படங்களை உடனே காட்டிக்கொடுக்கும் குறை. அதற்கு மருந்து ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் அமைதி. ஷூட்டிங்கில் எல்லோரையும் 30 நொடி பேசாமல் நிற்கவைத்துப் பதிந்திருந்தால், அதைத் தனி ட்ராக்கில் காட்சி முழுக்கக் கீழே விரித்துவிடுங்கள். பதியவில்லை என்றால் வசனங்களுக்கு இடையிலுள்ள அமைதித் துண்டுகளைச் சேர்த்து உருவாக்கலாம். ஒவ்வொரு ஒலி வெட்டிலும் இரண்டு மூன்று ஃப்ரேம் க்ராஸ் ஃபேட் கொடுங்கள்; ஓர் ஒலி தேய்ந்து மறைய, அடுத்தது மெல்ல எழும்.

வசனம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் அருகே இருக்கட்டும். 0-வைத் தாண்டினால் ஒலி உடையும். இசையைக் கடைசியில் சேருங்கள். இசை இல்லாமலே காட்சி நிற்கிறதா என்று பார்த்த பிறகு, தேவையான இடத்தில் மட்டும் வையுங்கள். பிரபலமான பாடலை அனுமதியில்லாமல் போட்டால் விழாக்களுக்கு அனுப்புவதில் சிக்கல் வரும்.

படி 6: கலர், எக்ஸ்போர்ட்

கலரில் முதலில் ஒன்றே ஒன்று: ஒரே காட்சியின் ஷாட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். தோல் நிறத்தை ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள்.

எக்ஸ்போர்ட்டுக்கு எம்பி4, எச்.264, 1920×1080, ப்ராஜெக்ட்டின் அதே ஃப்ரேம் வேகம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். வந்த ஃபைலை ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, தொடக்கத்திலிருந்து பெயர்ப் பட்டியல் வரை முழுதாக ஓட்டிப் பாருங்கள். கதை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைக் கவனியுங்கள். அவர் கண் எங்கே திரையை விட்டு விலகுகிறதோ, அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி டைம்லைனுக்குப் போங்கள்.

திருத்தமெல்லாம் முடிந்ததும், ப்ராஜெக்ட் ஃபைலையும் இறுதிப் படத்தையும் இரண்டு டிஸ்க்கிலும் போடுங்கள். இப்போது கார்டை அழிக்கலாம்.