ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் மீதி வைக்காதீர்கள்

பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பொடி ஓ.ஆர்.எஸ். அதன் பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கலக்கிவிட்டு, மீதியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைப்பார்கள். குழந்தைக்குப் பேதி என்றால் பல வீடுகளில் நடப்பது இதுதான். அந்தப் பொடியில் உப்புக்கும் குளுக்கோஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் சேர்த்து இழுக்கும், பின்னாலேயே தண்ணீர் போகும். கரைசல் கெட்டியானால் பேதி கூடும், உடம்பில் உப்பும் ஏறும். நீர்த்துப்போனால் இழந்த உப்பு திரும்பாது. 21 கிராம் பாக்கெட் என்றால் முழுசாக 1 லிட்டரில், 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது என்றால் 200 மில்லியில். டம்ளரை நம்பாதீர்கள், லிட்டர் பாட்டிலால் அளந்து, காய்ச்சி ஆற வைத்த நீரில் கலக்குங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடலாம்.

“கொடுத்தும் நிற்கவில்லையே” என்று பாதியில் விடுவது அடுத்த தவறு. இது பேதியை நிறுத்தும் மருந்தே இல்லை, போன நீரை ஈடுகட்டுவது. 2 வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். மடமடவென்று புகட்டினால் திரும்பி வரத்தான் செய்யும்.

பழச்சுவை டெட்ரா பேக் இதற்கு மாற்று இல்லை. சர்க்கரை அதிகம். பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடவே கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடுவதும் தாய்ப்பாலை நிறுத்துவதும் வேண்டாம். தயிர் சாதம், இட்லி, குழைந்த பருப்பு சாதம் தாராளமாகக் கொடுக்கலாம். பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. குடல் அசைவே நின்றுபோகலாம். ஆன்டிபயாடிக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படுவது துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. 6 மாத வயதுக்கு மேல் என்றால் தினம் 20 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். மூன்றாம் நாளே மறந்துவிடுகிறோம்!

கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், துவண்டு கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் பாட்டிலும் ஸ்பூனும் கையில் இருக்கட்டும். குடிக்கிற குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டே போகலாம்.