பயொப்சி ரிப்போட்டை வீட்டில் வாசிக்கும்போது விடுகிற பிழைகள்

புற்றுநோயா என்று பார்க்கச் சிறு சதைத்துண்டு எடுத்துச் செய்யும் சோதனைதான் பயொப்சி. அந்த ரிப்போட் கைக்கு வந்ததும், ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து "என்ன போட்டிருக்கு?" என்று கேட்பது திருகோணமலையில் பல வீடுகளில் நடப்பதுதான். கிளினிக் நாள் வரும்வரை மனம் பொறுக்காது. ஆனால் அந்த இடைவெளியில் தேவையில்லாமல் அழுகிறார்கள், சிலர் வைத்தியத்தையே விட்டுவிடுகிறார்கள்.

அதிகம் நடக்கும் பிழை, கிரேடையும் ஸ்டேஜையும் ஒன்றாக எடுப்பது. 'கிரேட் 3' என்று கண்டதும் மூன்றாம் கட்டம் என்று வீடே உடைந்துபோகும். கலங்கள் வழமையானவற்றிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்று நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்வது கிரேட். நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் ஸ்டேஜ். கிரேட் 3 உள்ளவருக்கு ஸ்டேஜ் 1 ஆகவும் இருக்கலாம். ஸ்கான்கள் முடியுமுன் பெரும்பாலும் ஸ்டேஜைச் சொல்லவே முடியாது, அதனால் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள்.

'பொசிட்டிவ்' என்றாலே கெட்டது என்று நினைப்பது அடுத்தது. மார்புப் புற்றுநோயில் 'ஈ.ஆர். பொசிட்டிவ்' என்றிருந்தால், அந்தக் கலங்களில் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன, அதனால் தமொக்சிபென் போன்ற ஹோர்மோனைத் தடுக்கும் மாத்திரைகளும் உதவக்கூடும் என்று அர்த்தம். நிணநீர்க்கணுவுக்கு (அக்குள் போன்ற இடங்களில் இருக்கும் சிறு முடிச்சு) நேரே '0/12' என்றிருந்தால், எடுத்துப் பார்த்த 12 கணுக்களில் ஒன்றில்கூட நோய் இல்லை.

மார்பில் தொடங்கி ஈரலுக்குப் பரவியதை "இப்ப ஈரல் கான்சரும் வந்திட்டுது" என்பார்கள். அது மார்புப் புற்றுநோயேதான், மருந்தும் அதற்குரியதுதான்.

வாயில் வெள்ளைப் படலம் இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடக் கவலை. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுகிறவர்கள் "இப்போதைக்குப் புற்றுநோய் இல்லை" என்று டொக்டர் சொன்னதில் கடைசி இரண்டு சொற்களை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் படலம் பிறகு புற்றுநோயாக மாறலாம். வெற்றிலைத் தட்டத்தை எடுத்து வைத்துவிட்டு, சொன்ன தவணைக்குக் கட்டாயம் போய்க் காட்ட வேண்டும். வாய் திறப்பது குறைந்தாலும், உறைப்புப் பட்டால் எரிந்தாலும் தவணை வரை காத்திருக்க வேண்டாம்.

ஊசி குத்தினால் நோய் பரவும் என்று பயொப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அப்படிப் பரவுவது மிக அரிது.

அப்புறம், மகரகமவுக்கு எழுதித் தந்தால் கடைசிக் கட்டம் என்று பலர் நம்புகிறார்கள். அங்குள்ள அபேக்ஷா வைத்தியசாலை புற்றுநோய்க்கென்றே இருப்பது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களையும் அங்கே அனுப்புவார்கள். போகும்போது பழைய ரிப்போட்டுகள், ஸ்கான் படங்கள், கிளினிக் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.