அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் உதவிப் பயிற்சியாளர் ஆக

இந்த வேலைக்கு உரிமத் தேர்வு எதுவும் கிடையாது. ‘இவரை நம்பி எடுக்கலாம்’ என்று சொல்ல, ஏற்கெனவே களத்தில் இருக்கும் ஒரு பயிற்சியாளர் வேண்டும். ஆடிய காலத்துப் பெயர் முதல் வாசலைத் திறக்கலாம். அதன் பிறகு உங்களை எடைபோடுவது வீடியோ அறையில் நீங்கள் செய்யும் வேலையை வைத்துத்தான்.

பலரும் நுழைவது கிராஜுவேட் அசிஸ்டன்டாக. முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு உழைக்க வேண்டும். பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, சிறு உதவித்தொகையும் கிடைக்கும். பின்னாளில் கல்லூரி ஃபுட்பாலின் புகழ்பெற்ற பயிற்சியாளரான நிக் சேபன் 1973-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் தொடங்கினார். சீசன் முடிந்து தலைமைப் பயிற்சியாளர்கள் மாறும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இடங்கள் காலியாகும். ஜனவரியில் நடக்கும் பயிற்சியாளர் சங்க மாநாட்டுக்குப் போய் நேரில் பேசுங்கள். விளம்பரம் வரும்வரை காத்திருந்தால், பெரும்பாலும் அதற்குள் ஆள் முடிவாகியிருக்கும்.

விளையாட்டு உதவித்தொகை தராத டிவிஷன் 3 கல்லூரிகளையும் ஒதுக்காதீர்கள். அங்கே பயிற்சியோடு வேறு இரண்டு வேலைகளும் தலையில் விழும். ஆனால் ஒரு பொசிஷன் (ஒரே வகை இடத்தில் ஆடும் வீரர் குழு) முழுவதும் சீக்கிரமே உங்கள் பொறுப்புக்கு வரும். கற்பிக்கும் திறமை வளர அதைவிட நல்ல இடம் இல்லை என்பது எங்கள் கருத்து.

இனி வீடியோ. எதிரணியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் (இங்கே ஆட்டம் என்பது முழுப் போட்டி அல்ல; ஸ்னாப், அதாவது பந்தைப் பின்னே கொடுத்துத் தொடங்குவது, முதல் விசில் வரை நடப்பது) டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), மிச்சமுள்ள யார்டு, பந்து இருக்கும் ஹாஷ் (மைதானத்தின் இடக் கோடா, வலக் கோடா), பெர்சனெல் (களத்தில் எந்த வகை வீரர் எத்தனை பேர்), ஃபார்மேஷன் (அவர்கள் நிற்கும் அமைப்பு), மோஷன் (ஸ்னாப்புக்கு முன் ஒருவர் நகர்வது), எதிர்த்து நின்ற ஃப்ரன்ட் (தற்காப்பின் முன்வரிசை), கவரேஜ் (பாஸைத் தடுக்கும் ஏற்பாடு), பிளிட்ஸ் (பந்தை எறிபவர் மீது கூடுதல் ஆட்களைப் பாயவிடுவது) என்று வரிசையாகப் பதிய வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது பெர்சனெலில். 11 என்றால் ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ஒரு டைட் எண்ட் (லைனை ஒட்டி நின்று தடுப்பவர், பாஸும் பிடிப்பவர்). 12 என்றால் ஒரு ரன்னிங் பேக், இரண்டு டைட் எண்ட். இரண்டாவது டைட் எண்ட் விலகி ஸ்லாட்டில் (லைனுக்கும் வெளியே நிற்கும் ரிசீவருக்கும் நடுவே) நின்றால், அவரைப் பாஸ் பிடிக்கும் ரிசீவர் என்று எண்ணி 12-ஐ 11 ஆக்கிவிடுவார்கள். உடனே ‘11-ல் எவ்வளவு ஓட்டம், எவ்வளவு பாஸ்’ என்ற கணக்கே பிசகிவிடும். அதை நம்பி கோஆர்டினேட்டர் (எந்த ஆட்டம் ஆடுவது என்று அழைக்கும் மூத்த பயிற்சியாளர்) சனிக்கிழமைப் போட்டியில் தவறான அழைப்பைக் கொடுப்பார். நிற்கும் இடத்தைப் பார்க்காமல் ஜெர்சி எண்ணைப் பார்த்துப் பதியுங்கள். ஸ்னாப்புக்கு முன் சேஃப்டிகள் (தற்காப்பின் கடைசி வரிசை வீரர்கள்) வேண்டுமென்றே வேறு தோற்றம் காட்டுவார்கள். ஸ்னாப்புக்குப் பின் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்த பிறகே கவரேஜை எழுதுங்கள். தெளிவில்லாத ஆட்டத்துக்குக் கேள்விக்குறி போட்டு மூத்தவரிடம் கேளுங்கள். ஊகித்து எழுதியது அறிக்கையில் உண்மையாகவே உட்கார்ந்துவிடும்.

பயிற்சியில் எதிரணிபோல் ஆடிக்காட்டும் ஸ்கவுட் டீமுக்கு அட்டை வரைவதும் உங்கள் வேலை. ஓர் அட்டைக்கு ஓர் ஆட்டம், தடித்த மார்க்கர், தள்ளி நின்றாலும் தெரியும் எழுத்து. அட்டையைப் பார்த்து ஆடப்போகிறவரின் கோணத்தில் வரையுங்கள். திருப்பி வரைந்தால் வலப்பக்க ஓட்டம் இடப்பக்கம் போய், பயிற்சி நேரம் வீணாகும்.

2024 முதல், உச்சப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் ஊழியர் எவரும் மைதானத்தில் கற்பிக்கலாம். கல்லூரிக்கு வெளியே போய் வீரர்களைத் தேடும் உரிமை மட்டும் தலைமைப் பயிற்சியாளருக்கும் 10 உதவியாளர்களுக்கும்தான். வேலையை ஏற்குமுன் அந்தப் பத்துப் பேரில் நீங்கள் உண்டா என்று கேளுங்கள்; ரெக்ரூட்டிங் தெரியாதவர் மேலே போவது கடினம்.

தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் போக வேண்டியதுதான். ஆகவே ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். காலம் எத்தனை ஆண்டு? நீக்கினால் மீதிச் சம்பளம் உண்டா? வேறு வேலை கிடைத்ததும் அந்தச் சம்பளத்தை இதிலிருந்து கழிப்பார்களா? நீங்களாக விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? பதவி உயர்வுக்காகப் போனால் அதில் விலக்கு உண்டா? வாய்ப்பேச்சாகத் தந்த வாக்குறுதி எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். குடும்பம் இருந்தால் இடம்பெயரும் செலவையும் இப்போதே பேசிவிடுங்கள்.

நேர்காணலில் வெள்ளைப் பலகை முன் நிறுத்துவார்கள். அஃபென்ஸிவ் லைன் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர்கள்) வேலை என்றால் இன்சைட் ஜோன் ஓட்டத்தை (லைனின் நடுப்பகுதி வழியாக ஓடுவது) ஈவன் ஃப்ரன்ட்டுக்கும் (தற்காப்பு முன்வரிசையில் பெரும்பாலும் நால்வர்) ஆட் ஃப்ரன்ட்டுக்கும் (பெரும்பாலும் மூவர்) எதிராக வரையச் சொல்லலாம். வரைவதோடு நிற்காமல், 18 வயதுப் பையனுக்கு முதல் அடியை எங்கே வைக்கச் சொல்வீர்கள், கையை எங்கே, கண்ணை எங்கே என்று விளக்குங்கள். ஒரே வீரர் ஆகஸ்டில் எப்படி ஆடினார், நவம்பரில் எப்படி ஆடினார் என்று காட்டும் துணுக்குகளையும் கையோடு கொண்டுபோங்கள்.