மொட்டை மாடியில் எவ்வளவு இருட்டு மிச்சம்? ஓரியனை வைத்து அளக்கும் முறை

இதற்குக் கருவி வேண்டாம். நோட்டு, பேனா, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், ஒரு கறுப்புக் குடை போதும். 2006 முதல், வானம் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று பொதுமக்களே பார்த்துப் பதியும் ‘குளோப் அட் நைட்’ திட்டத்தில் பல நாட்டினர் செய்துவரும் அளவுதான் இது: கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரம் எது?

தை, மாசி அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லவை. போகிப் புகை இருக்கும் இரவுகள் வேண்டாம். புகையில் தெருவிளக்கு வெளிச்சம் சிதறி, தெரியும் நட்சத்திரங்கள் குறைந்துவிடும். சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஜனவரி நடுவில் இரவு 10 மணி, பிப்ரவரி நடுவில் 8 மணி வாக்கில், வாள் கட்டிய வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டமான ஓரியன் உச்சிக்குச் சற்றுத் தெற்கே நிற்கும். தாழ்வாக இருக்கும்போது பார்த்தால் இடையிலுள்ள காற்றே பாதியை மறைத்துவிடும்.

தூரப் பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். 20 நிமிடம் வெளிச்சம் பார்க்காமல் இருங்கள். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

தெற்கு நோக்கி நின்றால் ஓரியனின் இடது மேல் மூலையில் சிவந்த திருவாதிரை, வலது கீழ் மூலையில் ரைகல், நடுவே வரிசையாக மூன்று. திருவாதிரையை அளவுகோலாக வைக்காதீர்கள். அதன் ஒளியே கூடிக் குறையும். 2020 பிப்ரவரியில் நன்றாகவே மங்கிப் போனது.

நட்சத்திரத்தின் பிரகாசத்தைச் சொல்லும் எண்ணுக்குப் பொலிவெண் என்று பெயர். அது கூடக் கூட நட்சத்திரம் மங்கல். நடு வரிசையின் மேற்குக் கோடி நட்சத்திரம் 2.2. மூன்றும் தெரியாவிட்டால் உங்கள் வானம் மிக மோசம். அதன் கீழே தொங்கும் வாளின் அடி நட்சத்திரம் 2.8. தோள்களுக்கு மேலே தலையாக இருக்கும் மிருகசீரிடம் 3.4 வாக்கில்; அதை ஒட்டிய இரண்டும் சேர்ந்து சின்ன முக்கோணமாகத் தெரிந்தால் 4.4 வரை எட்டிவிட்டீர்கள். மங்கலானதை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். ஓரப்பார்வைதான் இருட்டில் கூர்மையானது. சரிபார்க்க, மூன்றையும் இணைக்கும் கோட்டை வடமேற்கே நீட்டி, ரோகிணியைத் தாண்டி, கார்த்திகைக்குப் போங்கள். அறுமீன் என்ற பழைய பெயருக்கு ஏற்ப ஆறும் பிரிந்து தெரிந்தால் 4.3.

இப்போது முக்கியமான படி. கண்ணில் படும் பக்கத்து வீட்டு விளக்கைக் குடையால் மறைத்து, மேலும் 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். முன்பைவிட மங்கலான நட்சத்திரம் தெரிந்தால் குற்றவாளி அந்த விளக்கின் கூச்சம்தான், பேசித் தீர்க்கலாம். எதுவும் மாறாவிட்டால் ஊரின் மொத்த வெளிச்சம் வானில் சிதறுகிறது. ஒரு வீட்டு விளக்கால் அது குறையாது. மேகம் வந்தால் அதையும் கவனியுங்கள்: நகரத்தில் மேகம் வானத்தைவிட வெளுப்பாகவும், நல்ல இருட்டில் கறுப்பாகவும் தெரியும்.

கூசும் ஃப்ளட் லைட் என்றால் அதன் கண்ணாடி முகம் தரைக்கு இணையாக இருக்கும்படி சாய்த்துவிடுங்கள். பல்பு என்றால் பக்கவாட்டில் தெரியாதபடி, அதன் அடியைவிட 5 செ.மீ. கீழே இறங்கும் தகர மூடி. முழுக்கப் பொதியக் கூடாது. காற்றோட்டம் இல்லாவிட்டால் எல்இடி சூடேறிச் சீக்கிரம் போய்விடும். பெட்டியில் 6500K (நீலம் கலந்த வெள்ளை) என்று இருந்தால் 2700K (மஞ்சள் சாயல்) ஆக மாற்றுங்கள். நீலம் கலந்த வெளிச்சம்தான் காற்றில் அதிகம் சிதறும்.

மூடி போட்டபின் அடுத்த அமாவாசையில் அளந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாக ஏறுங்கள். ஓரியன் அப்போதுதான் அதே இடத்தில் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் கடை விளக்குகளும் எரியும். நோட்டில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.