பெருந்தொற்றுக் காலத்தில் ஊராட்சி வேலை நிற்காமல் நடக்க: குழாய், குப்பை, கையெழுத்து

தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் 2020 ஜனவரி 6-ல் பொறுப்பேற்றார்கள். மார்ச் 25-ல் நாடே ஊரடங்கில். எந்த வால்வைத் திருகினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்பது பல ஊர்களில் டேங்க் ஆபரேட்டர் ஒருவருக்குத்தான் தெரியும். பிளீச்சிங் பவுடர் தீர்ந்தால் பக்கத்து ஊராட்சியில் கடன் வாங்கலாம். அந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் என்ன செய்வது? ஏற்பாடு எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆள் பட்டியல்

ஒரு முழு வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: வேலை, செய்பவர், அவர் இல்லாவிட்டால் யார், சாவி எங்கே. மோட்டார் இயக்குவது, குளோரின் கலப்பது, தெருவிளக்கு, குப்பை வண்டி, சுடுகாடு, பணம் எடுப்பது என வரிசையாக எழுதினால் மூன்றாவது கட்டம் எங்கெல்லாம் காலியாக இருக்கிறதென்று தெரிந்துவிடும். காலியிடத்தைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே நிரப்ப வேண்டும்.

இதில் எல்லா ஊரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆபரேட்டருக்கு மாற்றாக அவர் மகனையோ மனைவியையோ எழுதிவிடுவார்கள். அவர்களுக்கு வேலை தெரியும், உண்மைதான். ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் வீட்டையே அல்லவா தனிமைப்படுத்துவார்கள்? மாற்று ஆள் வேறு வீடாக இருக்க வேண்டும். வேறு தெருவானால் இன்னும் நல்லது. ஊரில் உள்ள எலக்ட்ரீஷியன், ஓய்வுபெற்ற பழைய ஆபரேட்டர் என இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். இருவரும் ஆளுக்கு மூன்று நாளாவது ஆபரேட்டர் பார்க்கத் தாங்களே கைப்பட இயக்கியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது பயிற்சியாகாது.

பம்ப் ரூமும் வால்வும்

வால்வு ஒவ்வொன்றுக்கும் பெயின்டில் எண் போடுங்கள். மண் மூடிக் கிடக்கும் வால்வுக் குழிகளை இப்போதே தோண்டி வையுங்கள். பிறகு ஆபரேட்டரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒரு வரி: ‘வால்வு 3, மேலத்தெரு, காலை 6 முதல் 6.40, ஐந்து சுற்று மட்டும்.’ சுற்றுக் கணக்குதான் இதில் முக்கியம். புதிய ஆள் எல்லா வால்வையும் முழுசாகத் திறந்துவிடுவார். பள்ளத்துத் தெருவில் தண்ணீர் பீய்ச்சும், மேட்டுத்தெருக் கடைசி வீட்டில் சொட்டாது. அரை மணி நேரத்தில் ஊரே பம்ப் ரூம் வாசலில் நிற்கும். கூடக் கூடாது என்று சொல்லும் காலத்தில் கூட்டத்தை நாமே கூட்டியதாகிவிடும்.

பம்ப் ரூம் சுவரில் ஒட்ட வேண்டியவை: மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை வழக்கமாக அம்மீட்டர் எவ்வளவு காட்டும், தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம், டிரிப் ஆனால் (தானே அணைந்துவிட்டால்) என்ன செய்வது. அம்மீட்டர் முள் வழக்கத்தைவிட நன்றாக இறங்கி நின்றால் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். மோட்டார் சுற்றாமல் உறுமினால் மின்சாரத்தின் மூன்று பேஸில் ஒன்று வராமல் இருக்கலாம். அப்போதும் நிறுத்த வேண்டும். டிரிப் ஆனதைத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரியும். ஊரடங்கு நாளில் ரீவைண்டிங் கடையைத் தேடி அலைவது பெரும்பாடு.

தெருக்குழாயில் நெரிசலைக் குறைக்க நேரத்தை நீட்டித் தெருவாரியாகப் பிரித்து விடுங்கள். நேரத்தை முதல் நாளே அறிவிக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் குடத்தை வைத்துவிட்டுக் காத்துக் கிடக்க மாட்டார்கள்.

குளோரின்

பெருந்தொற்று என்பதற்காகக் குடிநீரில் குளோரினைக் கூட்ட வேண்டியதில்லை. வழக்கமான அளவை ஒழுங்காகப் போட்டாலே போதும். புதிய பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் என்று தொடங்குங்கள். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 முதல் 150 கிராம் வரும். கையளவில் அள்ளிப் போடாமல் எடை போட்டுப் பொட்டலம் கட்டி வைத்தால் மாற்று ஆளும் தவறு செய்ய மாட்டார்.

பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, வாளியை நிரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் தெளிய விடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் தானே கலந்துகொள்ளும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும்.

சோதனையைத் தொட்டியடிக் குழாயில் செய்தால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கடைசி வீட்டுக் குழாய்க்குப் போங்கள். குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) ஆவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பவுடர் வீரியம் போயிருக்கலாம், தொட்டி அழுக்காக இருக்கலாம், குழாய் எங்கோ சாக்கடைக்குள் உடைந்திருக்கலாம். பழைய பவுடரானால் அளவைக் கூட்டலாம். உடைப்பைக் கூடுதல் குளோரினால் மூடி மறைக்கக் கூடாது. ஆள் குறைவென்று தொட்டி கழுவுவதையும் தள்ளிப்போட வேண்டாம்.

தூய்மைப் பணியாளர்கள்

ஆறு பேர் இருந்தால் மூன்று மூன்றாக இரண்டு அணி. ஒரு வாரம் ஒரு அணி. இரு அணிகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது. தாளில் எல்லோரும் இதைச் செய்துவிடுவார்கள். எங்கே உடையும் என்றால் சம்பள நாளில்: பதிவேட்டில் கையெழுத்துப் போட இரு அணியும் ஒரே மணிக்கு அலுவலகத்துக்கு வரும், பிறகு ஒன்றாக டீ குடிக்கும். அணிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். வேலை இல்லாத வாரத்துக்கும் முழுச் சம்பளம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கூலி போய்விடும் என்று பயந்து உடம்புச் சூட்டை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள்.

வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் ரப்பர் கையுறையை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். வியர்வையில் கை ஊறிவிடும். எனவே காலை 6 முதல் 10 வரை வேலையை முடித்துவிடுவது நல்லது. முகக்கவசம் நனைந்தால் மாற்ற ஆளுக்குக் குறைந்தது இரண்டு தினமும் வேண்டும்.

கிருமிநாசினி

தெருத்தெருவாக மருந்து அடிப்பது பார்ப்பதற்குத்தான் வேலை. மண்ணும் வெயிலும் பட்டால் குளோரின் செத்துவிடும். திறந்தவெளியில் தெளிப்பதை 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் வேண்டாமென்றது. ஆட்கள் மேல் தெளிப்பதையோ முற்றிலும் நிறுத்த வேண்டும். அதைக் கூடாதென்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரல் 18-ல் அறிவித்தது. ‘எங்க தெருவுக்கு ஏன் அடிக்கல’ என்ற சண்டை வரும். அந்தப் பவுடரைக் கைபடும் இடங்களுக்குச் செலவிடுங்கள்: அடிபம்ப்புக் கைப்பிடி, குழாய்த் திருகு, பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள், ரேஷன் கடைப் பலகை.

ஒரு சதவீதக் கரைசலுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 330 கிராம் பவுடர் (30 சதவீத வீரியம்). ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) திரவம் 5 சதவீதமானால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். துடைத்துப் பத்து நிமிடம் விட்டு, இரும்பானால் தண்ணீரால் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு இதைக் கலந்தால் விஷவாயு கிளம்பும். இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

தனிமையில் உள்ள வீட்டுக் குப்பை

நோயாளி பயன்படுத்தியவை மஞ்சள் பையில், இரட்டைப் பையாகக் கட்டி வர வேண்டும். வழக்கமான சுற்று முடிந்த பிறகு, ஒரே ஆள், மூடியுள்ள தனி டப்பாவில் எடுக்கட்டும். அதை ஊர்க் குப்பைக் கிடங்கில் கொட்டாமல், மருத்துவக் கழிவு வண்டி வரும் நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அங்கே சேர்க்க வேண்டும். நோயில்லாத வீட்டு முகக்கவசங்களைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்து, வெட்டி, உலர் குப்பையில் போடச் சொல்லலாம்.

கையெழுத்து

பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் சம்பளமும் மோட்டார் பழுதும் நின்றுவிடும். கணினியில் ஒப்புதல் தரும் மின்கையெழுத்து டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் சேர்த்து ஊராட்சிச் செயலர் கையில் கொடுத்துவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. அதில் ஏதாவது வில்லங்கம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் டோக்கனுக்கு உரியவர்தான். வீட்டுத் தனிமையில் இருப்பவரானால் லேப்டாப்பைத் திண்ணையில் வைத்துவிட்டுச் செயலர் விலகி நிற்கலாம். ஒப்புதல் முடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். நிலைமை மோசமானால் காத்திருக்காமல் அன்றே பிடிஓவுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலருக்கு) எழுத்தில் தெரிவித்து மாற்று ஆணை கேளுங்கள்.

அவசரத்தில் வாங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும் ரசீதும் இருப்புப் பதிவேட்டில் வரவும் அன்றே ஏற வேண்டும். எந்தத் தொட்டிக்கு எத்தனை கிராம், எந்த வீதிக்கு எத்தனை கவசம் என்று செலவையும் தேதியோடு எழுதி, அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைத்துவிடுங்கள். கூட்டத்தைப் பள்ளி மைதானத்தில், இடைவெளி விட்டு நடத்தலாம். 2020-ல் ஆனது போலக் கிராம சபைகள் ரத்தாகும் நேரத்தில் செய்யும் செலவுகளுக்கு இந்தத் தீர்மானப் புத்தகம்தான் தணிக்கையில் கேட்கப்படும்.