நரம்பறிவியலில் பிஎச்.டி.: தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

நரம்பறிவியலில் முனைவர் பட்டம் பெற விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த நிறுவனத்தில் சேரலாம் என்பதைத்தான். மூளையைப் பற்றி நீங்கள் எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதை அதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒரு புரதம் நரம்பணுவின் சவ்வில் எப்படி இயங்குகிறது, ஒரு நினைவு எந்த நரம்பணுக் கூட்டத்தில் பதிகிறது, கண் கண்டதை மூளை எப்படிப் பொருள்கொள்கிறது என ஒவ்வொரு கேள்விக்கும் கருவியும் ஆய்வகமும் வேறு. ஐந்து ஆண்டுகள் உங்களைத் தாங்கப்போவது அந்தக் கேள்வியே.

முதல் படி: தகுதியைப் பாருங்கள். உயிரியல் படித்தவர்களுக்கு மட்டுமே உரிய துறை இது என்ற தயக்கம் வேண்டாம். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நரம்பறிவியல் மையமும் இயற்பியல், பொறியியல் பட்டதாரிகளையும் எடுத்துக்கொள்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்களும் நேரடியாக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். உயிரியலிலிருந்து வருகிறவர்கள் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் புள்ளியியலும் இப்போதே கற்கத் தொடங்குங்கள். நியூரோமேட்ச் அகாடமி இணையவழியில் நடத்தும் கோடைக்காலப் பயிற்சியின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாம் படி: கட்டுரைகளைப் படித்து நெறியாளரைத் தேடுங்கள். இந்தப் படிக்கு மூன்று மாதம் செலவானாலும் தகும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002 இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாள்கள் அசையவிடாமல் வைத்தபோது, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. ஒரே மன அழுத்தம் இரண்டு இடங்களில் நேர்மாறாக வேலை செய்வது ஏன் என்ற கேள்வி படிக்கும்போதே உங்களுக்குள் எழுந்தால், அந்த வகை ஆய்வகம் உங்களுக்கு ஏற்றது. நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் அவருடைய கட்டுரை ஒன்றிலிருந்து இப்படி எழுந்த கேள்வியை இரண்டு வரிகளில் எழுதுங்கள். பொதுவான பாராட்டு வேண்டாம். அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடமும் பேசுங்கள். எத்தனை ஆண்டுகளில் ஆய்வேடு முடிகிறது என்பதை அவர்களே சரியாகச் சொல்வார்கள்.

மூன்றாம் படி: தேர்வும் உதவித்தொகையும். சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட், டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை), ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆகியவற்றின் இளநிலை ஆய்வாளர் தேர்வுகளில் ஒன்றில் வென்றால் உதவித்தொகை உங்கள் பெயரிலேயே வரும். 2023 ஜனவரி முதல் இது மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தால் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு ஜெகீபில்ஸ் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. நேர்முகத் தேர்வில் மனப்பாடம் உதவாது. என்னிடம் ஓர் ஆய்வின் முடிவுகளைக் காட்டும் வரைபடத்தைக் கொடுத்து, இதில் ஒப்பீட்டுக் குழு எங்கே என்று கேட்டார்கள். அதைச் சுற்றியே பேச்சு அரை மணி நேரம் நீண்டது.

நான்காம் படி: சேர்ந்த பிறகு. குறைந்தது 12 மதிப்பலகுகளுக்கு (கிரெடிட்) பாடங்கள் படிக்க வேண்டும். விலங்குகளில் ஆய்வு செய்வதானால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஒப்புதல் வராமல் ஓர் எலியைக்கூடத் தொட இயலாது.

பிறகு கைவேலை. நான் கற்றது பேட்ச் கிளாம்ப், அதாவது ஒற்றை நரம்பணுவின் மின்னோட்டத்தை அளக்கும் முறை. எலி மூளையை 300 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் செலுத்திய உப்புக் கரைசலில் வைத்தால், அந்தச் சீவல் சில மணி நேரம் உயிரோடிருக்கும். மயிரிழையினும் நுண்ணிய கண்ணாடிக் குழாய் முனையை நரம்பணுவின் மேல் பதித்து வாயால் மெல்ல உறிஞ்சும்போது, இரண்டும் இறுக ஒட்டினால் திரையில் மின்தடை கிகாஓமை (நூறு கோடி ஓம்) தாண்டி ஏறும். எனக்கு நான்கு மாதம் அது ஏறவே இல்லை. குழாயையும் நுண்ணோக்கியையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரு மூத்த மாணவி என் கரைசல் குடுவையைக் கறுப்புத் தாளுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். அதில் மெல்லிய வெண்படலம் மிதந்தது. வாயுவைச் செலுத்துவதற்கு முன்பே கால்சியத்தைச் சேர்த்ததால் அது வீழ்படிவாகியிருந்தது. வரிசையை மாற்றிய வாரத்திலேயே நரம்பணு குழாயில் ஒட்டியது. ஆகவே எதை எப்போது கலந்தீர்கள் என்பதை நேரத்தோடு ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சோதனை தோற்றுப்போன நாளின் குறிப்பை இன்னும் விரிவாக எழுதுங்கள்.

ஐந்தாம் படி: ஆய்வேடு. விதிப்படி குறைந்தது 3 ஆண்டுகள், கூடியது 6 ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் வரை சலுகை உண்டு. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கினாலும், தனியாக நிபந்தனை வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு என்பதால் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வேட்டை வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிட்ட பின் வாய்மொழித் தேர்வு நடக்கும். முடிவுரையைவிடச் செய்முறை அத்தியாயத்திலிருந்தே அங்கே கேள்விகள் மிகுதியாக வரும். குறிப்பேட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.