வீட்டில் கணக்கு டியூஷன் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு வீட்டிலேயே கணக்கு கற்பிக்க விரும்பும் புதியவர்களுக்காக, தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தை மனத்தில் கொண்டு இச்செய்முறை எழுதப்பட்டுள்ளது.

படி 1: மாணவர் படிக்கும் வகுப்பின் பாடநூலோடு, ஆறாம் வகுப்பு முதல் அதற்கு முந்தைய வகுப்பு வரையுள்ள நூல்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று கேட்டறிந்து, அதே வழியிலுள்ள நூலையே பயன்படுத்துங்கள். கைடுகளுக்கு இப்போது அவசரமில்லை.

படி 2: முதல் நாளில் பாடம் நடத்தாதீர்கள். பள்ளியில் இப்போது இயற்கணிதம் நடக்கிறது என்பதற்காக அதிலிருந்தே தொடங்குவது புதியவர்கள் பலரும் செய்வது. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவர் இருபடிச் சமன்பாட்டில் தடுமாறுவதற்குக் காரணம், பெரும்பாலும் ஆறாம், ஏழாம் வகுப்புகளில் சரியாகப் பதியாத பின்னமோ குறை எண்ணோதான். ஆகவே அந்த வகுப்புகளின் பாடங்களிலிருந்து பத்துக் கேள்விகளைத் தந்து, ரஃப் வேலையையும் அதே தாளில் அழிக்காமல் செய்யச் சொல்லுங்கள்.

படி 3: விடை தவறு என்று சிவப்பு மையால் குறிப்பதோடு நிறுத்தாமல், தவறு எந்த வரியில் பிறந்தது என்று பாருங்கள். 15 − 2(7 − 4) என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 9. ஒரு மாணவர் 39 என்று எழுதினால், அவர் 15இலிருந்து 2ஐ முதலில் கழித்து, கிடைத்த 13ஐ 3ஆல் பெருக்கியிருக்கிறார். அவருக்குச் செயலிகளின் வரிசை, அதாவது கழித்தலுக்கு முன் பெருக்கலைச் செய்ய வேண்டும் என்பது, தெரியவில்லை. இன்னொருவர் −7 என்று எழுதினால், அடைப்பை விரிக்கும்போது 15 − 14 − 8 என்று போட்டிருக்கிறார். அவருக்கு வரிசை தெரியும், கழித்தல் குறி அடைப்புக்குள் இருக்கும் இரண்டாவது எண்ணின் குறியையும் மாற்றி அதை +8 ஆக்கும் என்பதுதான் தெரியவில்லை. இருவருக்கும் ஒரே விளக்கத்தைச் சொன்னால் ஒருவருக்கேனும் அது வீண். இதே இருவர் அடைப்புக்குள் எண்ணுக்குப் பதில் மாறி இருக்கும் சமன்பாட்டைத் தீர்த்தாலும் அதே இடத்தில்தான் வழுக்குவார்கள்.

பின்னத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுபவரிடம் மீச்சிறு பொது மடங்கைப் பற்றி உடனே பேசாமல், 2/5 என்பது அரையைவிடச் சிறியதாயிற்றே, கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று மட்டும் கேளுங்கள். விடை பொருந்தவில்லை என்பதை அவரே கண்ட பிறகு சொல்லப்படும் முறை மனத்தில் தங்கும்.

படி 4: ஒரு மணி நேர வகுப்பில் முதல் பத்து நிமிடம் இந்தப் பழைய இடைவெளிகளுக்கு, மீதி நேரம் பள்ளியில் நடக்கும் பாடத்துக்கு. நீங்கள் ஒரு கணக்கைச் செய்து காட்டிய உடனே, எண்களை மட்டும் மாற்றி அவரைச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு வரியையும் ஏன் எழுதினார் என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ‘புரிந்ததா?’ என்ற கேள்வியால் பயனில்லை. புரியாதவர்தான் முதலில் தலையாட்டுவார்.

படி 5: வீட்டுப்பாடமாக ஐந்து கணக்குகள் போதும், அவற்றில் இரண்டு சென்ற வாரப் பாடத்திலிருந்து இருக்கட்டும்.

படி 6: பத்தாம் வகுப்பு மாணவராயின், செய்முறை வடிவியலையும் வரைபடத்தையும் ஆண்டின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஒத்த முக்கோணம் அமைப்பதும், வட்டத்துக்கு வெளியேயுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவதும் கைப்பழக்கம் சார்ந்தவை என்பதால், வாரம் ஒன்று வீதம் வரைந்து வந்தால், கணக்கு என்றாலே அஞ்சும் மாணவர்கூட அப்பகுதியில் முழு மதிப்பெண்ணை நெருங்க முடியும். கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 7: பெற்றோரிடம் முதல் வாரத்திலேயே, மாணவர் முதல் நாளில் விடையெழுதிய தாளைக் காட்டி, எந்த வகுப்பிலிருந்து பிடிக்க வேண்டியுள்ளது என்பதையும், அடுத்த தேர்விலேயே மதிப்பெண் உயரும் என்று உறுதி கூற இயலாது என்பதையும் மாணவரைக் குறை சொல்லாமல் விளக்குங்கள். கட்டணம், விடுமுறை நாட்கள், வராத வகுப்பை ஈடுசெய்யும் முறை ஆகியவற்றையும் அதே பேச்சில் முடித்துக்கொள்ளுங்கள்.